துணியில சுத்தின கப்பு

ஐயையோ, பிளீச்சிங்கா? அத மட்டும் கிட்ட கொண்டு போயிடாதீங்கண்ணா. யாரு சொன்னா, உங்க பக்கத்து வீட்டுக்காரரா? அவரு கப்ப ஒரு நாள் வாங்கித் தடவிப் பாருங்க. வெள்ளையாத்தான் இருக்கும், ஆனா சொரசொரன்னு இருக்கும். பீங்கானுக்கு மேல இருக்குற மினுமினுப்புதான் தோலு. தோல உரிச்சிட்டு ஆளு பளிச்சுன்னு இருக்கான்னு சொன்னா எப்படி?

உக்காருங்க. இருங்க, ஸ்டூல்ல தட்டு அடுக்கியிருக்கேன், எடுத்துடறேன். உள்ள டீ கொதிக்குது, குடிச்சிட்டுத்தான் போகணும். எண்ணாதீங்க, எண்ணாதீங்க! மேசையில அஞ்சுதான் இருக்கு, எனக்கும் தெரியும். நீங்க கொண்டு வந்தது உள்ள இருக்கு. எங்க ஓடிடப் போகுது? மொதல்ல இந்த அஞ்ச பாருங்கண்ணா.

இதுங்க எந்த நெலமையில கெடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? அந்த ஒத்தக் கப்ப துணியில சுத்திக் கொண்டாந்து, இதே மாதிரி இன்னும் அஞ்சு வேணும், ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க டீக்கு வர்றாங்கன்னு வந்து நின்னீங்க. நானும் கடையில இருந்த பழைய பீங்கான் சாமான் எட்டு அட்டைப்பெட்டிய கவுத்துக் கொட்டி, அதே விளிம்பு, அதே காதுன்னு அஞ்ச பொறுக்கி எடுத்தா, அஞ்சுக்கும் மஞ்சக்காமாலை! யாரு வீட்டுப் பரண்ல எத்தன வருஷம் கெடந்துச்சோ. உங்க மூஞ்சியப் பாக்கணுமே அப்ப. எல்லாத்தையும் விட்டுட்டுப் போங்க, அஞ்சு நாள்ல வெளுத்துத் தர்றேன்னு சொன்னேனா இல்லியா?

என்னத்தப் போட்டேனா? மருந்துக்கடையில விக்குதே, காயத்துல ஊத்தினா நுரைக்குமே, அந்தத் தண்ணிதான். பெராக்சைடு. கைக்கு உறை மாட்டிக்கணும், இல்லன்னா விரலெல்லாம் சுண்ணாம்பு அடிச்சாப்ல ஆயிடும். கறையில ரெண்டு ரகம்ணா. ஒண்ணு மேல உக்காந்தது. டீ, காபி எல்லாம் அந்த ரகம். ஈரத்துணியில சமையல் சோடாவத் தொட்டு ரெண்டு நிமிஷம் தேய்ச்சா போச்சு. இன்னொண்ணு உள்ள எறங்கினது. இங்க பாருங்க, மேல் மினுமினுப்புல முடி மாதிரி கோடு ஓடுதா? அது வழியா எறங்கி அடியில குடித்தனம் நடத்தும். அத வெளிய கெளப்பத்தான் இந்தத் தண்ணியில முக்கி, மூடி போட்டு, வெயில் படுற எடத்துல வச்சிட்டு, கைய கட்டிக்கிட்டு இருக்கணும். பதறாத காரியம் சிதறாது. எங்க வீட்டுக்காரரு ரெண்டாம் நாளே திறந்து பாத்துட்டு, வந்தப்ப இருந்த மஞ்சளே தேவலன்னாரு. இப்ப வந்து பேசச் சொல்லுங்க.

சுண்டிப் பாருங்க. டிங்குன்னு கேக்குதுல்ல? பீங்கானே விரிசல் விட்டிருந்தா டொக்குன்னு சொல்லும்.

ஆங்? உள்ள இருக்கு, சொன்னேனே. இருங்கண்ணா, டீ பொங்கிடப் போகுது, அடுப்ப குறைச்சிட்டு வந்துடறேன்.

ம். உங்க பொண்ணு முந்தாநாள் போன் பண்ணுச்சு. என்ன தன்மையா பேசுது! போற வீட்டுல கொடுத்து வச்சிருக்கணும். என்ன பேசினோமா? என்னத்த, பொம்பளைங்க பேச்சுதான்.

சரி, வாட்ச் ரிப்பேர் பண்ற ஆளு நீங்க. கண்ணுல குழாய மாட்டிக்கிட்டு எறும்புக் கால் மாதிரி முள்ள எல்லாம் பாக்குறவரு. உங்க கண்ணுல எதையாவது மறைக்க முடியுமா? நானே சொல்லிடறேன்.

எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்குண்ணா. வீடு காலி பண்றவங்க சாமானக் குடுக்கும்போது, எது ரொம்ப அசிங்கமா கறை புடிச்சிருக்கோ அத மட்டும் தனியா துணியில சுத்திக் குடுப்பாங்க. வெக்கம், வேற என்ன. அதனால துணியப் பாத்தா என் கை தானா அங்கதான் மொதல்ல போகும். இருபது வருஷப் பழக்கம். நீங்க திரும்பச் சுத்தி வச்சிட்டுப் போனதும் பிரிச்சேன். அடியில மஞ்சளா ஒரு வளையம். அட, வெறும் டீக்கறை, சோடாவுக்கே தாங்காதுன்னு எடுத்து ஒரு தேய்.

ஆமாண்ணா. போயிருச்சு.

அந்த அஞ்சு கப்பும் அஞ்சு நாள் என்னைய பாடாப் படுத்துச்சு. உங்களோடது ரெண்டு நிமிஷம். அதுகூட எடுக்கல.

உங்க பொண்ணு போன் பண்ணி, அத்தை, துணியில சுத்தினத மட்டும் தொட வேணாம், அப்பா சொல்ல மறந்துட்டாராம்னு சொல்லும்போது, அது கழுவித் தொடைச்சு இதே மேசையில பளபளன்னு நிக்குது. ஏம்மான்னு கேட்டேன். சொல்லுச்சு. அண்ணி எப்பவும் கடைசி வாய் டீய உங்களுக்குன்னு மிச்சம் வச்சிருவாங்களாமே. நீங்களும் கடைக்குக் கெளம்புற அவசரத்துல நின்னுக்கிட்டே அத வாயில ஊத்திட்டுப் போவீங்களாம். முப்பது வருஷம் ஒரு வாய் டீ நின்ன எடம் அது. அவங்க தவறிப் போனதுக்கப்புறம் அந்தக் கப்புல நீங்க டீயும் குடிக்கிறதில்ல, கழுவ விடுறதும் இல்லியாம். சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையா, நான் போயி அதுல கைய வச்சிருக்கேன். ராத்திரி சாப்பாடு எறங்கலண்ணா எனக்கு.

அப்புறம் என்ன பண்ணேன் தெரியுமா? சிரிக்காதீங்க. முந்தாநாள்லேர்ந்து காலையும் சாயங்காலமும் கெட்டியா டீ போட்டு, அதுல அடியில ஒரு வாய் ஊத்தி வச்சுப் பாக்குறேன். எங்க வீட்டுக்காரரு கொசுவுக்கா டீ வைக்கிறேன்னு கேக்குறாரு. புடிக்கவே மாட்டேங்குது. கறைய எடுக்கத்தான் எனக்குத் தெரியுது, வைக்கத் தெரியல.

திட்டணும்னா திட்டிடுங்க, கேட்டுக்கறேன்.

டீ ஆயிடுச்சு. இந்தாங்க. ஆமா, அந்தக் கப்புதான். சூடு பாத்துக் குடிங்க.

ஆனா முழுசா குடிச்சிடாதீங்கண்ணா. அடியில ஒரு வாய் இருக்கட்டும்.