முன்கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை

அன்று காலை என் மனைவி அருணாதேவி எனக்குத் தக்காளிச் சாதமும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் கட்டிக்கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கொஞ்சம் தாராளமாகவே கட்டுவாள். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதித் தரும்படி சப் இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வி அம்மா வெள்ளைத்தாள் கொடுத்திருப்பதால், சாப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் திருமலை. வயது நாற்பத்தேழு. அவலூர்பேட்டை சாலையில் சின்னசாமி அண்ணனின் பழைய கார் உடைக்கும் பட்டறையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். மற்றவர்கள் உடைப்பார்கள். நான் உடைக்காமல் எடுப்பேன். கண்ணாடி மட்டும்தான் என் பொறுப்பு. இத்தனை வருடத்தில் என் கையில் ஒரு கண்ணாடி உடைந்தது கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, வழக்குக்குத் தேவை என்பதால் சொல்கிறேன்.

முன்கண்ணாடி கார் உடம்போடு கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். பசையில் ஊசியால் துளை போட்டு, மெல்லிய எஃகுக் கம்பியை உள்ளே விட்டு, இரண்டு முனையிலும் கட்டை கட்டி, ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயுமாக ரம்பம் போல இழுத்துக்கொண்டே சுற்றி வரவேண்டும். ஆகவே இந்த வேலைக்கு உள்ளே ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். எனக்கு உள்ளே உட்காரும் வளவன் அன்று லீவு.

குமரேசன் என் மனைவியின் தம்பி. வயது முப்பத்தாறு. வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். பதினாறு இடத்தில் பெண் பார்த்து ஒன்றும் அமையவில்லை. பதினேழாவது போளூர். பெண் பெயர் கீதாஞ்சலி. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் வந்துவிடும், அதற்குள் பெண் வீட்டில் இருக்க வேண்டும் என்று அவன் அம்மா தங்கம்மாள், அதாவது என் மாமியார், சொல்லியிருந்தார். இது நல்ல இடம் என்றும், இதுவும் தட்டிப்போனால் இனிமேல் தரகர் வீட்டுப் பக்கமே வரமாட்டார் என்றும் எனக்கும் தெரியும்.

குமரேசனின் பழைய வெள்ளைக் கார் அந்த வாரம்தான் எங்கள் பட்டறைக்கு வந்திருந்தது. அதன் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரை எடுத்துப் புதுக் காரில் வைத்துக்கொண்டுதான் போளூர் போகவேண்டும் என்று மாமியார் சொல்லி அனுப்பியதால், ஒன்பதேகாலுக்கு அவன் பட்டறைக்கு வந்தான். பட்டு வேட்டி, சந்தன நிறச் சட்டை. பார்க்க நன்றாகவே இருந்தான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிள்ளையாரைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் கேஸ் கட்டர் பொறி பறந்தது. சட்டையில் படக்கூடாது என்று, திறந்து கிடந்த கதவைச் சாத்திக்கொண்டான்.

முன் கதவு இரண்டிலும் கைப்பிடிகளையும், அவற்றை லாக்கோடு சேர்க்கும் கம்பிகளையும் காலையிலேயே நான் கழற்றிவிட்டிருந்தேன். சாத்தினால் சாத்தியதுதான். பேட்டரியும் இல்லாததால் ஜன்னலை இறக்க வழியில்லை. பின்பக்கத்து முக்கோணக் கண்ணாடியை மட்டும் எடுத்திருந்தேன். அதில் ஒரு கை போகும். காற்றுக்கோ தண்ணீருக்கோ அவனுக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சின்னசாமி அண்ணன் ஓடிவந்து ஸ்க்ரூடிரைவரை விட்டுப் பத்து நிமிடம் குடைந்து பார்த்தார். லாக் அசையவில்லை.

"பின் கதவு என்னாச்சு திருமல?" என்று கேட்டார்.

வலது பின் கதவு பக்கத்துக் காரோடு ஒட்டி நின்றது. அதைக் காட்டினேன். இடது பின் கதவைப் பற்றி, "சைல்டு லாக் போட்டிருக்குண்ணே" என்றேன். குமரேசனே பின்சீட்டுக்குத் தாவிப் போய் உள்ளிருந்து இழுத்துப் பார்த்தான். திறக்கவில்லை. நான் சொன்னதில் பொய் ஏதும் இல்லை.

"அப்ப முன்கண்ணாடிய ஒடச்சிடுடா. பையன் பொண்ணு பாக்கப் போவணும்" என்றார் அண்ணன்.

"ஒடைக்க வேணாம்ணே. நான் முழுசா எடுத்துத் தரேன். மச்சான் சட்டையில தூள் பட்டா நல்லாவா இருக்கும்?" என்றேன்.

சட்டை என்றதும் குமரேசனும், "மாமா சொல்றதுதான் சரி" என்றான்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். எனக்குக் குமரேசன் மேல் கோபம் உண்டு என்று மாமியார் புகாரில் எழுதியிருக்கிறார். அது தவறு. போன ஆவணி மாதம் அவர்களுடைய புது வீட்டு கிரகப்பிரவேசத்தில், பந்தியில் கேசரி வைத்துக்கொண்டிருந்தபோது, குமரேசன் அவன் சிநேகிதர்களிடம் என்னைக் காட்டி, "எங்க மாமா பழைய கார்ல கண்ணாடி கழட்டுறாரு. அத கொரங்கு கூட கழட்டும், இவரு என்னமோ ஆபரேசன் பண்ற மாதிரி பேசுவாரு" என்று சொன்னது உண்மைதான். அதை நான் அன்றே மறந்துவிட்டேன். முப்பத்தொரு பேர் சிரித்தார்கள். முப்பத்தொன்றாவது ஆள் என் மனைவி. அது சிரிப்பில்லை, இருமல் என்று பிறகு சொன்னாள். அதையும் மறந்துவிட்டேன்.

வேலைக்கு வருகிறேன். கண்ணாடியை வாங்கிச் சாய்த்துவைக்கும் மர ஸ்டாண்டை இடது பின் கதவை ஒட்டி நிறுத்தி, அதன் மேல் பழைய கம்பளி ஒன்றைப் போர்த்தினேன். துளை போட்டுக் கம்பியை உள்ளே விட்டேன். எப்படி இழுக்க வேண்டும் என்று குமரேசனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"நீங்க இழுங்க, நான் விடுறேன். நான் இழுக்கறப்ப நீங்க விடணும். மொரட்டுத்தனமா இழுக்காதீங்க மச்சான், ஓரத்துல விரிசல் உழுந்துடும்."

"எவ்ளோ நேரம் ஆவும் மாமா?"

"பழகுன ஆளுன்னா முக்கா மணி நேரம்."

அவன் பழகாத ஆள். முதல் பக்கம் முடியவே பத்தரை ஆகிவிட்டது. இரண்டு தடவை அவசரப்பட்டு இழுத்தான். அவசரம் தணியட்டும் என்று நான் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அவனுக்கும் முக்கோண ஓட்டை வழியாக ஒரு டீ கொடுத்தேன். பதினொரு மணிக்கு, காலையில் பதற்றத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை, தலை சுற்றுகிறது என்றான். பின்சீட்டில் என் கேரியர் இருப்பதைச் சொன்னேன். பெண் பார்க்கப் போகும் நாளில் கருவாடா என்று யோசித்தான். அப்புறம் தொக்கு முழுவதையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டான். சாப்பிடட்டும். வீட்டுப் பிள்ளைதானே.

பதினொன்றே முக்காலுக்குப் போளூரிலிருந்து பெண்ணே வீடியோவில் கூப்பிட்டாள். அவன் போனைப் பிள்ளையார் மேல் சாய்த்துவைத்துப் பேசினான். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றதால் எல்லாம் காதில் விழுந்தது.

"கார்ல மாட்டிக்கிட்டேங்க. கண்ணாடிய கழட்டிதான் வரணும்."

"ஒடச்சிட்டு வர வேண்டியதுதானே?"

"ஒடையக்கூடாதுங்க. மாமா பதினோரு வருசமா ஒண்ணு கூட ஒடைச்சதில்ல."

"பின்னாடி கதவு?"

"சைல்டு லாக் போட்டிருக்குங்க. மாமாதான் சொன்னாரு. அவருக்குத் தெரியாததா?"

அந்தப் பெண், "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்று மாலை தரகர் வந்து, பெண் வீட்டில் இஷ்டமில்லை, பையனுக்கு விவரம் பத்தாது என்று சொல்லிவிட்டார்கள் என்றார். கருவாட்டு வாசனை போனில் தெரியாதே, வேறென்ன குறையைக் கண்டார்கள் என்று மாமியார் அழுதார். வீட்டில் யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கெட்டிக்காரப் பெண். அவள் எங்கள் குடும்பத்துக்கு வராமல் போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பன்னிரண்டே காலுக்குக் கடைசி மூலை அறுந்தது. சொல்லக்கூடாது, அவ்வளவு அழகாக வந்தது. அவன் உள்ளேயிருந்து இரண்டு உள்ளங்கையாலும் தாங்க, நான் வெளியேயிருந்து தூக்கினேன். ஓரத்தில் முடியளவு விரிசல்கூட இல்லை. ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுத் திரும்பினால், குமரேசன் அந்தப் பெரிய ஓட்டையின் நடுவில் சட்டையெல்லாம் வேர்வையும் கறுப்புப் பசையுமாக உட்கார்ந்திருந்தான். கையை விரித்துப் பார்த்தான். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். கண் கலங்கியிருந்தது.

"மாமா, இது கொரங்கு செய்யற வேல இல்ல மாமா. அன்னிக்கி நான் தப்பா பேசிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றான்.

அதைச் சின்னசாமி அண்ணன் காதால் கேட்டார். கேஸ் கட்டர்காரரும் கட்டரை அணைத்துவிட்டுக் கேட்டார். அவனைப் பானெட் வழியாக நான்தான் கைகொடுத்து இறக்கினேன். வேட்டி வைப்பரில் மாட்டிக் கிழிந்துவிட்டது. அது என் தவறில்லை.

தன் மகனை விடக் கண்ணாடியைப் பெரிதாக நினைத்துக் கல்யாணத்தைக் கெடுத்தேன் என்பது மாமியார் கொடுத்த புகார். நேற்று ஸ்டேஷனில் எல்லோரையும் விசாரித்துவிட்டு, சமாதானமாகப் போகச் சொல்லி எஸ்.ஐ. அம்மா எழுந்தேவிட்டார். குமரேசனே, "மாமா மேல ஒண்ணும் தப்பு இல்ல மேடம்" என்று சாட்சி சொன்னான். அப்போது எஸ்.ஐ. அம்மா போகிற போக்கில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க சாப்பாட்டு கேரியர் பின்சீட்டுக்கு எப்படி போச்சு?"

நானே வைத்ததுதான். காலை எட்டரைக்கு, முன் கதவுக் கைப்பிடிகளையெல்லாம் கழற்றிவிட்ட பிறகு, வெயில் படாமல் இருக்கட்டும் என்று இடது பின் கதவைத் திறந்து வைத்தேன். சைல்டு லாக் உள்ளே இருப்பவரைத்தான் தடுக்கும். வெளியே நின்று கைப்பிடியை இழுத்தால் கதவு திறந்துவிடும், குழந்தைகூடத் திறக்கும். அந்தக் கைப்பிடி மூன்று மணி நேரமும் கம்பளிக்குப் பின்னால் இருந்தது. குமரேசன் கதவைச் சாத்திக்கொண்ட உடனேயே எனக்கு அது நினைவுக்கு வந்துவிட்டது.

குமரேசனுக்கு இதை இன்னும் யாரும் சொல்லவில்லை. இன்று காலைகூட வீட்டுக்கு வந்து, வளவன் லீவு போடுகிற நாளில் உள்ளே உட்காரத் தான் வரட்டுமா என்று கேட்டான். கையில் இன்னும் கட்டு இருந்தது.

கதவைத் திறந்துவிட்டிருந்தால் அவன் பத்தரைக்கே போளூரில் பஜ்ஜி சாப்பிட்டிருப்பான், இந்நேரம் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்திருப்பார்கள். ஆனால் என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டான். எனக்கு அவன் மேல் எந்தக் கோபமும் இல்லை. கிரகப்பிரவேசத்தில் சிரித்த மற்ற முப்பது பேர் மேலும் இல்லை. அவர்களில் பதினாலு பேரிடம் கார் இருக்கிறது.