காதைப் பிடித்துத் தூக்காதே

— அந்தக் கூடை வேன்லயே இருக்கட்டும், விஸ்தின். வாசப்படி தாண்டி உள்ள வந்துச்சு, அடுத்த நிமிஷம் கிணத்துல கிடக்கும். சொல்லிட்டேன்.

— கூடையைப் பத்தி இப்ப யாரு பேசினா அக்கா? வெயில்ல வந்திருக்கேன், ஒரு வாய் தண்ணி குடுக்கக் கூடாதா?

— மேசை மேல இருக்கு, குடி. குடிச்சுட்டுக் கிளம்பு. நீ எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியாதா? நாளைக்கு ராயப்பர் சின்னப்பர் திருநாள். மால்டா பூராவும் முயல் தின்னும். உன் சாப்பாட்டுக் கடைக்கு ஒண்ணு குறையுதாக்கும். அக்கா வீட்டுல ஒண்ணு சீக்காக் கிடக்கே, அமுக்கிட்டு வாங்கன்னு உன் பெண்டாட்டி அனுப்பிருக்கா.

— சீக்கு முயலை யாராவது சட்டியில போடுவாங்களா? மார்த்தேஸ் சொன்னது வேற. நான் சொல்றதைக் கேளு. “உங்க அக்கா அந்தச் சொறி பிடிச்சதை மடியில வச்சுக் கொஞ்சுறா, அதே கையோட நம்ம சமையக்கட்டுக்கு வர்றா. பின்கட்டுல கொட்டில் நிறைய முயல் இருக்கு. அதுக்கெல்லாம் ஒட்டிக்கிட்டா யாரு பொறுப்பு? ஒண்ணு அந்த முயல், இல்லை நம்ம கடை. எது வேணும்னு இன்னிக்கே கேட்டுட்டு வாங்க.” இதான் அவ சொன்னது. நான் தூதுக்காரன், அவ்வளவுதான்.

— கடைக்கு முதலாளி நீயா, அவளா?

— அது வேற கதை.

— ஒட்டிக்கும்னு பயப்படற மகராசி, இது எந்தக் கொட்டில்லேர்ந்து வந்துச்சுன்னு யோசிச்சாளா? உன் கொட்டில்டா அது. வத்தலா இருக்கு, எடை ஏறாதுன்னு நீதான் தூக்கி என் கையில குடுத்த. வரும்போதே பூச்சியோடதான் வந்திருக்கு. இங்க வா, உட்காரு. ஃபூலா, பயப்படாதே, இவன் இன்னிக்குக் கத்தி எடுத்துட்டு வரலை. இந்தக் காதுக்குள்ள பாருடா.

— காதுல என்னத்தப் பாக்கறது?

— உள்ள பாருங்கறேன்.

— ஐய, பழுப்பா என்னமோ இருக்கே. ரொட்டி ஓரம் கருகின மாதிரி.

— இப்ப இருக்கறது மிச்சம் மீதி. முன்னாடி காது அடைக்க இருந்துச்சு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி உள்ள குடியிருக்கு, அது பண்ற வேலை. தலையை உதறிக்கிட்டே இருக்கும், பின்னங்காலால காதைப் பிராண்டிக்கிட்டே இருக்கும். நான் விளையாடுதுன்னு நினைச்சேன். கிட்டப் போனா ஒரு நாத்தம், அப்பவும் புல்லு அழுகிடுச்சுன்னு கூண்டைக் கழுவினேன். நீயும் நானும் நடக்கப் பழகினதிலேர்ந்து முயலோடதான் இருக்கோம். காதைப் பிடிச்சுத் தூக்கிருக்கோம், எடை பாத்திருக்கோம், சந்தையில ஆட்டிக் காட்டி வித்திருக்கோம். ஒரு தடவையாவது அந்தக் காதுக்குள்ள எட்டிப் பாத்திருக்கோமா?

— எதுக்குப் பாக்கணும்? மூணு மாசத்துல சட்டிக்குப் போறது.

— அதைத்தான் நானும் சொல்றேன். நம்ம இம்ஜார் ஊருக்கு முயலைச் சட்டி வரைக்கும்தான் தெரியும். அதுக்கு மேல வளர்ந்த முயலுக்குக் காது வலிச்சா என்ன பண்ணும்னு எவனுக்குத் தெரியும்? பெரிய முயல் வம்சம்னு மீசையை முறுக்கிக்கிட்டுத் திரியறோம்.

— சரி, காதுல பூச்சி. ஒத்துக்கறேன். தலை ஏன் இப்படிக் கோணிக்கிட்டுக் கிடக்கு? இது பூச்சி இல்லக்கா. அப்பா இதை வலிப்புன்னு சொல்வாரு. பெரியப்பா கண்ணேறுன்னு சொல்வாரு.

— ரெண்டு பேரும் பண்ணின வைத்தியம் ஒண்ணுதானே? பிடரியில ஒரு போடு.

— கஷ்டப்படாமப் போயிடும். அதுவும் ஒரு புண்ணியம்தான்.

— நல்லா இருக்கே உங்க புண்ணியம். டேய், காதுக்கு உள்ளே, ரொம்ப உள்ளே, சீழ் பிடிச்சுடுச்சு. நிலையா நிக்க வைக்கற சமாசாரம் அங்கதான் இருக்காம். அது கெட்டா தரை சுத்தும், நிக்க முடியாது, ஒரு பக்கமாச் சாயும். கோஸோ தீவுக்குப் போற படகுல உன் பெண்டாட்டி தலை சுத்தி உன் தோள்ல சாஞ்சு வாந்தி எடுத்தாளே, அவ பிடரியில போட்டியா?

— அக்கா...

— கேக்கறேன், போட்டியா?

— அது வேற கதை. ஏன்க்கா, வட்டமாவும் சுத்துமோ? ஒரே பக்கமா? கண்ணு முழி வேற இப்படி அப்படி ஆடிக்கிட்டு?

— சுத்தும், ஆடும். புரண்டு புரண்டு விழும். கூண்டுக்குள்ள ரெண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அணை குடுத்து வச்சேன். இல்லாட்டி உருண்டே செத்திருக்கும். உனக்கு எப்படித் தெரியும் கண்ணு ஆடும்னு?

— கொட்டில்ல எப்பவோ பாத்தது. வைத்தியம் என்ன? நல்லெண்ணத்துல நாலு பேரு சொல்வாங்களே, ஆலிவ் எண்ணெயைச் சுட வச்சு ஊத்தி, பொருக்கை உரிச்சு எடுத்துட்டா...

— உரிக்கவே கூடாது! நானும் அந்தப் பைத்தியக்காரத்தனம் பண்ணினேன். நகத்தால ஒரு துண்டு எடுத்தேன், ரத்தம் குபுக்னு வந்துச்சு. அது கத்தின கத்து இருக்கே. முயல் கத்திக் கேட்டிருக்கியா நீ?

— கேட்காமலா?

— கத்தி முன்னாடி இல்லடா. மடியில. நம்மளை நம்பி மடியில படுத்திருக்கும்போது.

— ரத்தம் வந்தா என்னாகும்? செத்துடுமா?

— என் கண்ணு முன்னாடி உட்கார்ந்திருக்கே, செத்துச்சா? ஆனா வலி உயிர் போகும். ரபாத்துல மிருக டாக்டரம்மா இலேனியா இருக்கால்ல, அவகிட்ட ஓடினேன். அவ திட்டின திட்டு நம்ம அம்மாகூடத் திட்டினது இல்லை. “பிடரித் தோல்ல நான் சொட்டு மருந்து விடறேன், பூச்சி சாகும், பொருக்கு தானா உதிரும், உங்க கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க”ன்னா. எண்ணெயும் ஊத்தக் கூடாதாம். நாய்க்கு வாங்கின மருந்தைத் தடவிட்டா அதுலயே போயிடுமாம். சீழுக்கு வாய் மருந்து, வாரக்கணக்கா குடுக்கணும். எல்லாத்துக்கும் மேல, தின்னாம விடக் கூடாது. ஒரு நாள் வயிறு காஞ்சா முயல் மிஞ்சாது. நான் காட்டுச் சோம்புக் கீரையைக் கொத்து கொத்தாப் பறிச்சு வாயில ஊட்டினேன். அது சரி, உன் சட்டைக் கை ஏன் இப்படி எண்ணெயா இருக்கு?

— வேனு. எஞ்சின்ல கை வச்சேன்.

— எஞ்சின் எண்ணெயில ஆலிவ் வாசம் அடிக்குதா?

— அதை விடு. ஊரு சிரிக்குதுக்கா. வனத்து அந்தோணியார் திருநாளுக்கு எல்லாரும் குதிரை, நாய், பூனைன்னு மந்திரிக்கக் கொண்டு வர்றாங்க. முயல் கடைச் சமையக்காரி முயலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வரிசையில நிக்கறா. சாமியாரே கேட்டாராமே, “சல்வீனா, இது தீர்த்தத்துக்கா, தாளிக்கறதுக்கா?”ன்னு.

— நான் என்ன பதில் சொன்னேன்னு உன்கிட்டச் சொன்னாங்களா? “சாமி, ஆட்டுக்குட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கறாரே நம்ம ஆண்டவர், அவரு பாஸ்காவுக்கு ஆட்டுக்கறி சாப்பிடலையா?”ன்னு கேட்டேன். வாயை மூடிக்கிட்டு ரெண்டு தரம் தெளிச்சாரு.

— உனக்கு வாய் மட்டும் இல்லேன்னா...

— நாய்கூட மதிக்காது, தெரியும். இதைக் கேளு. நான் முயல் சமைக்கறவதான். நாளைக்கும் சமைக்கத் தயாரா இருக்கேன். பூண்டு தட்டிப் போட்டு, வைன்ல ஊற வச்சு, ஊரே விரலை நக்கற மாதிரி சமைப்பேன். சட்டியில இருக்கறது சாப்பாடு. மடியில இருக்கறது ஃபூலா. மொச்சைக்கொட்டை மாதிரி உருண்டு கிடந்துச்சு, ஃபூலான்னா மொச்சைதானே, அதான் அந்தப் பேரு. எனக்கு இதுல ஒரு குழப்பமும் இல்லை. அப்பா சொன்னதுதானே? வெட்டறதுக்குப் பேரு வைக்காதே, பேரு வச்சதை வெட்டாதே.

— சொன்னாரு. சொன்னவரே காப்பாத்தினாரா?

— எங்க காப்பாத்தினாரு? பெர்லா.

— அந்தப் பேச்சை எடுக்காதேக்கா.

— எடுத்தது நீ. வெள்ளை முயல். பெர்லான்னு கூப்பிட்டுக்கிட்டு, சட்டைக்குள்ள விட்டுக்கிட்டு, பள்ளிக்கூடத்துக்குக்கூடக் கொண்டுபோன. இதே திருநாள்தான். விருந்தாளி கூடிப்போச்சுன்னு அப்பா கூண்டைத் திறந்தாரு. நீ எலும்பை எல்லாம் தட்டு ஓரத்துல அடுக்கி வச்சுட்டு, “பெர்லாவுக்குக் கீரை போடணும்”னு எழுந்திரிச்ச. மேசையே சிரிச்சுது.

— நீ சிரிக்கலை.

— நான் சிரிக்கலை. ஞாபகம் வச்சிருக்கியே.

— அதனாலதான் இன்னிக்கு உன்கிட்ட...

— என்கிட்ட என்ன?

— ஒண்ணுமில்லை. அப்புறம் நான் எதுக்கும் பேரு வைக்கலை. வியாபாரத்துக்கு அதான் நல்லது. இப்ப மார்த்தேசுக்கு என்ன பதில் சொல்லட்டும்?

— பதிலா? இந்தா பதில். பிடி.

— என்ன இது, ஏப்ரன்?

— துவைச்சுத் தேய்ச்சு வச்சிருக்கேன். அவ இடுப்புல கட்டிவிடு. நாளைக்குச் சட்டி முன்னாடி அவ நிக்கட்டும். கத்தியும் கரண்டியும் உங்களுது, கடை உங்களுது. கை என்னுது. நான் சமையக்கட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி குளிச்சு, துணி மாத்தி, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுட்டுத்தான் வந்தேன். அதுவும் போதாதுன்னா, நான் வேணும்னா ஃபூலாவும் உசிரோட இருக்கணும். அது கோணின தலையோடவே இருக்கட்டும். கழுத்து நிமிரவே நிமிராதுன்னாலும் எனக்குச் சம்மதம்.

— அக்கா, விளையாடாதே. நாளைக்குப் பாதி ஊரு நம்ம கடையிலதான் உட்காரும். உன் கைப்பக்குவம் இல்லாட்டி நாறிடுவோம்.

— நாறட்டும். பாதி ஊருக்காக மடியில இருக்கறதை எடுத்துக் குடுக்கற வீடு ஒண்ணு இருந்துச்சு. அந்த வீட்டுல நீயும் நானும் வளர்ந்தாச்சு. இது என் வீடு.

— உன்னை மாத்தவே முடியாதா?

— முடியாது. கிளம்பு.

— கிளம்பறேன்க்கா.

— ஏன்டா இன்னும் நிலைப்படியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற?

— அந்த டாக்டரம்மா, இந்நேரத்துக்குப் பாப்பாளா? நாளைக்குத் திருநாள், கதவைச் சாத்திடுவாளே.

— சாயங்காலம் வரைக்கும் இருப்பா. எதுக்குக் கேக்கற?

— இந்த மருந்துல கொஞ்சம் மிச்சம் இருக்குமா?

— தொடாதே. எடை பாத்து அவதான் அளவு சொல்லணும், கண்ணளவுக்கு ஊத்தறதுக்கு இது வைன் இல்லை. விஸ்தின், என் மூஞ்சியைப் பாரு. வந்ததுலேர்ந்து வாசலையே பாத்துக்கிட்டிருக்க. அந்த வேனை எதுக்கு அத்தி மர நிழல்ல நிறுத்திருக்க? கண்ணாடியை இறக்கிவிட்டு, கூடை மேல ஈரத்துணி வேற போட்டு வச்சிருக்க. இதைத் தூக்கிட்டுப் போறதுன்னு வீட்டுலயே முடிவு பண்ணிட்டு வந்துட்டு, என்கிட்ட வாய் வார்த்தைக்கு மருந்தா கேக்கற? நகரு. அந்தக் கூடையை நானே எடுத்துக் கிணத்துல போடறேன்.

— போட்டுடாதேக்கா! மார்த்தேசுக்குத் தெரியாம கொண்டு வந்திருக்கேன். மெதுவாத் திற. உள்ள இன்னொரு பெர்லா தலை கோணிப் படுத்திருக்கா. காதைப் பிடிச்சுத் தூக்கிடாதே.