முதல் உருண்டை நாய்க்கு

துவையல் அரைப்பதில் எனக்கு நல்ல பேர், ஐயா. பெருமுக்கலில் யாரைக் கேட்டாலும் கெங்கம்மாள் கைப்பக்குவம் என்பார்கள். புருஷன் போனபின் மகள் அம்சாவோடு தம்பி சுப்பராயலு வீட்டில்தான் இருந்தேன். சமையல் என் பொறுப்பு.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் பிடுங்கிப் போட்ட மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மழையில் நனைந்து பச்சைப் பூஞ்சை பிடித்துவிட்டது. தூரக் கொட்ட மனமில்லாமல் தம்பியின் நாய்க்கு வைத்தேன். ஆசையாகத்தான் தின்றது. சில வாரம் கழித்து வயிறு ஊதி, கண் மஞ்சளாகிச் செத்தது. திண்டிவனத்து மாட்டு டாக்டர், "ஈரல் வீங்கியிருக்கு. எலி மூத்திரம் கலந்த தண்ணியோ, கெட்டுப்போன தீனியோ, எதைன்னு சொல்றது?" என்றார். எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

அப்புறம்தான் தம்பி அம்சாவைக் கேட்டான். தாய்மாமன் உரிமையாம். முதல் பெண்டாட்டியை அவன் அடித்த அடி எனக்குத் தெரியும். அவள் கிணற்றில் விழுந்தது ஊருக்கே தெரியும். மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து என் கையால் சாப்பிட அவனுக்குப் பயம். முதல் உருண்டையைப் புது நாய்க்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான்.

"நாய் வாலாட்டிக்கினு நிக்குது, பாத்தியாக்கா?" என்று சிரிப்பான். ஈரல் மெதுவாகத்தான் கெடும் என்பது, பாவம், அவனுக்குத் தெரியாது. நான் எதையும் கலக்கவில்லை. பூஞ்சைக் கொட்டையைப் பொறுக்கி எறியாமல் வறுத்து அரைத்தேன், அவ்வளவுதான். காரத்தைக் கொஞ்சம் தூக்கலாக வைத்தேன்.

தை பிறப்பதற்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள்; தாலி கட்டிவிட்டான். எங்கள் வழக்கப்படி புருஷன் சாப்பிட்ட இலையில்தான் புதுப்பெண்ணும் சாப்பிட வேண்டும்.

"துவையலைத் தொடாதடி" என்றேன்.

"ஏம்மா? மாமா இலையில மிச்சம் வச்சதைக் கொட்டச் சொல்றியா?"

காரணம் சொன்னால் அவன் காதுக்குப் போய்விடும். அரைப்பதையே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவன் தேறிவிடுவானே.

போன வெள்ளிக்கிழமை நாய் செத்தது. அடுத்து தம்பி. அந்த வாயில்லா ஜீவனை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. தம்பியைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் என் பெண்ணைக் காப்பாற்றத்தான்.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறீர்கள். எதற்கு, ஐயா? கண் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது, ஆமாம். நேற்றுவரை புதுப்பெண் இல்லையா, மஞ்சள் தேய்த்துக் குளித்தவள். கண்ணில் பட்டிருக்கும்.