கலங்காத டியூப்

காலை ஆறு மணி. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில், மூடிக் கிடக்கும் மில்லுக்குப் பின்னால் ஒரு லேப்... சுற்றிலும் ஆள் அரவமே கிடையாது. அங்கே வேலை பார்க்கும் ஜெயசித்ரா, கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியைத் திறந்தாள். அன்றைக்கும் அதே டியூப், தண்ணீர் மாதிரி தெளிந்து நின்றது.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்பீர்கள். கர்ப்பிணிகளுக்கான மாத்திரையில், ரத்தம் ஊறத் தேவையான ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் எவ்வளவு இருக்கிறது என்பதை அங்கே ஒரு கிருமியை வைத்துத்தான் அளப்பார்கள். தயிரைப் புளிக்க வைக்கும் கிருமிக்கு உறவு அது. அந்த வைட்டமின் கிடைத்தால் பெருகி டியூப்பைக் கலக்கும், கிடைக்காவிட்டால் வளராது. ஒப்பிட்டுப் பார்க்க, அளவு தெரிந்த வைட்டமினையும் தனி டியூப்களில் வைப்பார்கள். அவற்றில் வைட்டமின் நிறைய ஊற்றிய டியூப்தான் கலங்கவே இல்லை. யாரோ வைட்டமினை மட்டும் உறிஞ்சிக்கொண்டதுபோல...

கிருமியை மாற்றினாள். கண்ணாடி டியூப்பை மாற்றினாள். பலனில்லை.

"ஏட்டி, கிருமிக்கும் விரதமா?" என்றான் கூட வேலை பார்க்கும் தவசிமுத்து.

"சிரிக்காதலே. இந்த மாத்திர சேத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகுது. அங்க எந்தங்கச்சி மாசமா இருக்கா, இதத்தான் திங்கணும்."

முதலாளி சமுத்திரம் கறாராகச் சொல்லிவிட்டார். "நாளைக்கு ரிசல்ட் வரலன்னா நானே ஒரு நம்பரப் போட்டு அனுப்பிருவேம்மா. போன வருசம் போடலையா?"

போன வருஷம் அந்த மேசையில் இருந்தவள் மாரிச்செல்வி. நம்பர் போட்டு அனுப்பிய அந்த மாத்திரையைத்தான் அவளும் தின்றாள். ஏழாம் மாதம், வளைகாப்பு முடிந்த வாரமே, ரத்தம் பத்தாமல் செத்துப்போனாள்.

அன்று சாயங்காலம் டியூப்களை அடுக்கும்போது சந்தன வாசம் அடித்தது. கிளிங்... கிளிங். டியூப்கள் உரசுகின்றன என்றுதான் ஜெயசித்ரா நினைத்தாள். கையை எடுத்த பிறகும் கேட்டது. மாரிச்செல்வி வளைகாப்பில் போட்டிருந்த கண்ணாடி வளையல்...

ஓடியிருக்கலாம். ஓடினால் சமுத்திரம் நம்பர் போட்டுவிடுவார். படையலுக்கு எடுத்து வைப்பதுபோல வைட்டமின் ஊற்றிய ஒரு டியூப்பைக் கூடுதலாக ஓரத்தில் வைத்தாள்.

"அக்கா, இது ஒனக்கு. மத்தத விட்ருக்கா... எந்தங்கச்சி பாவம்."

விடிந்து பார்த்தால் ஓரத்து டியூப் தெளிந்திருந்தது. பழைய டியூப்பும் தெளிந்தே இருந்தது.

சமுத்திரத்தின் காலில் விழுந்து இன்னும் ஒரு நாள் வாங்கினாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதவளுக்கு, வளைகாப்பில் பார்த்த மாரிச்செல்வியின் வயிறும் உள்ளே இருந்த பிள்ளையும் நினைவுக்கு வந்தன.

அன்று ஓரத்தில் இரண்டு டியூப் வைத்தாள்.

காலையில் அவை இரண்டு மட்டும் தெளிந்திருந்தன. மற்றதெல்லாம் முறையாகக் கலங்கியிருந்தது. மாத்திரையில் பாதி வைட்டமின்கூட இல்லை என்று தெரிந்தது. அது சேத்தூருக்குப் போகவில்லை.

இன்றைக்கும் அந்த லேபில் அப்படித்தான் செய்கிறார்கள். ஒன்று வைத்தால் பத்தாது. இரண்டு வைக்க வேண்டும்.