ஒரு தடவை படிக்கிற சுருள்

— அண்ணி, அண்ணன் விழுந்துட்டான். பூதம் அடிச்ச அடியில உசுரு சைபர். இன்னும் மூணு ரவுண்டுதான், அப்பறம் ஆளு காலி.

— கேட்டியா மலரு? உன் புருஷன் சாவப் போறான். அந்த மந்திரச் சுருள எடு.

— சாவறது ஆட்டத்துல வர்ற உங்க சிப்பாயிதாங்க. நீங்க வடை தின்னுக்கினுதான் இருக்கீங்க.

— மழைக்கு உப்பளம் மூடுன நாள்லேர்ந்து வளக்குறேன்டி அவன! ஏழாவது லெவலு!

— கிறிஸ்டி, ஒரு சந்தேகம். ஆட்டத்துல நான் திருடிதானே, மந்திரவாதி இல்லியே. நான் படிச்சா பலிக்குமா?

— டைஸ் போடணும் அண்ணி. பதினஞ்சு, அதுக்கு மேல வந்தா அண்ணன் எழுந்துடுவான். கொறஞ்சா மந்திரம் வீண்.

— வீணானா மறுபடி படிக்கலாமா?

— எங்க படிக்கறது? ஒரு தடவ வாய்விட்டுப் படிச்சா எழுத்து மறைஞ்சிடும், பலிச்சாலும் பலிக்காட்டியும். அதுக்குத்தான் பென்சில்ல எழுதிக் குடுக்கறேன். படிச்ச ஒடனே ரப்பர் போட்டு அழிச்சிடுவேன்.

— மனசுக்குள்ள படிச்சா?

— என்ன மந்திரம்னு தெரியும், அவ்ளோதான். எழுத்து அப்படியே இருக்கும்.

— ஏம்மா கிறிஸ்டி, பாடத்த அப்பறம் எடு. ஆரோவில்ல கெஸ்ட் ஹவுஸ் வேலைக்கி அனுப்புனா, வெள்ளக்காரங்ககிட்ட இந்த ஆட்டத்த கத்துக்கினு வந்து என் உசுர வாங்கற. ரவுண்டு இன்னா ஆச்சு?

— ஒண்ணு போச்சு.

— மலரு!

— காப்பி ஊத்தட்டுமாங்க?

— ரெண்டு.

— கஞ்சப்பிசினாரி! மழைக்காலத்துக்கு அரிசி எடுத்து வைக்கற மாதிரி இதையும் பத்திரப்படுத்தறா. எனக்குப் படிக்காம வேற யாருக்குடி வெச்சிருக்க? குடு இப்படி... கிறிஸ்டி, இதுல ஒண்ணுமே இல்லியே!

— போன ஞாயித்துக்கெழமையே படிச்சிட்டாங்கண்ணா. இப்ப சந்தேகம் கேட்டதெல்லாம் உன்கிட்ட சொல்லாம நேரத்த ஓட்டத்தான். நீ திண்டிவனத்துக்கு லோடு எடுத்துக்கினு போயிருந்த.

— யாருக்குப் படிச்சா?

— கரண்ட் இல்லீங்க, சீரியல் பாக்க முடியல. அத்தையும் வந்து உக்காந்தாங்க. கிறிஸ்டி அவங்களுக்கு ஒரு வில்லாளியக் குடுத்தா. மொத ரூம்லயே எலும்புக்கூடு அடிச்சி விழுந்துட்டாங்க.

— எங்கம்மாவுக்கா? கல்யாணமாயி ரெண்டு வருஷமா உன் மூஞ்சப் பாத்து ஒரு வார்த்த பேசாதவங்க! அவங்களுக்குப் போயி ஏன்டி படிச்ச?

— “மருமவளே, காப்பாத்தும்மா”ன்னு கூப்பிட்டாங்க.