சுறாவ இப்பப் போடல

இல்ல தம்பி, என் போன்லருந்து வெரல எடுங்க. அந்தச் சுறா கார்டப் போட்டா இந்தச் சுத்துலயே ஆட்டம் முடிஞ்சுரும்னு எனக்கும் தெரியும். கண்ணு நல்லாத்தான் தெரியுது. இப்பப் போட மாட்டேன்.

ஒவ்வொரு சுத்துலயும் ஒரு ஆளுக்கு எழுபது செகண்டு. அத முழுசா எடுத்துக்கிட்டா தப்பா? நீங்க காலேசுப் புள்ள, பொசுக்குனு போட்டு முடிச்சுருவீக. நான் பாம்பன்ல விசைப்படகுக்குப் போற ஆளு, இமானுவேல்னு பேரு. வலை இழுத்துக் காச்சுப்போன வெரலு. இதுல பஸ்ஸு வேற ஆடுது.

இந்த ஆட்டத்துல ஆளக் கோத்து விடுறான் பாருங்க, அதுதான் பெரிய எரிச்சலு. ஒரே தரத்துல இருக்குறவனாப் பாத்துத்தான் விடுவான். அதுலயும் எவன் வந்து மாட்டுவான்னு நம்ம கையில இல்ல. அஞ்சு ஆட்டம் ஜெயிச்சு ஏறுவேன். மீன்துறையில டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போனா பாதி ஆட்டத்துல டவர் போயிரும். நான் தோத்ததா எழுதிக்கிருவான். கரைக்கு வந்து பாத்தா பழையபடி கீழ கெடப்பேன். இப்ப மீன்புடி தடைக்காலம், படகு கட்டிக் கெடக்கு, அதனால தங்கத் தரம் வரைக்கும் வந்துட்டேன். நேத்து ஜெயிச்சிருந்தா அதுக்கும் மேல போயிருப்பேன். வேணும்னே தோத்தேன்.

சிரிக்காதீக. நாளக்கழிச்சு தடை முடியுது, திரும்பக் கடலுக்குப் போகணும். அந்தக் கடுப்பு எனக்கு.

சந்தோசத்துக்கு வெளாட வேண்டியதுதானேன்னு சுலபமாச் சொல்றீக. மொதல்ல ஒரு எழவும் புரியல. இப்ப, வலைமடியத் தூக்குறப்ப உள்ள என்ன கெடக்குன்னு எட்டிப் பாப்போம்ல, ஒவ்வொரு கார்டு வாரப்பவும் அப்படித்தான் இருக்கு. பொய் சொல்லக் கூடாது.

அந்தா, நான் போட்ட சின்னக் கார்டுக்கு எதிராளி கார்டு வச்சுட்டான். பாத்தீகளா, கையில ஒண்ணுமில்லாம எம்புட்டு நேரம் தாக்குப்புடிக்கிறான்னு. கெட்டிக்காரப் பய. இவன் வெளாண்டு இன்னைக்குத்தான் நான் பாக்குறேன்.

ஆமா, தெரிஞ்ச ஆளுதான். எம் மவன் கிளாட்வின். இதுல வேற பேரு போட்டிருக்கான், மக சொல்லித்தான் தெரியும். தங்கத்துல இருக்கான்னு சொன்னதும் அவதான். எந்நேரமும் இந்த ஆட்டந்தானாலேன்னு போன வருசம் பாலத்துல வச்சு அவன் போனப் புடுங்கிக் கடல்ல எறிஞ்சுட்டேன். மறுநா கோயம்புத்தூரு போனவன்தான். நான் போன் போட்டா எடுக்குறதில்ல. இதுல என் பேருலயே நண்பனாச் சேத்துக்கன்னு மூணு தடவ அனுப்புனேன், தள்ளிட்டான். அப்புறந்தான் பேர மாத்துனேன். இங்கன இருக்குறது நான்னு அவனுக்குத் தெரியாது.

ஆட்டம் முடிஞ்சா எந்திரிச்சுப் போயிருவான் தம்பி. என் முறைக்கு இன்னும் நாப்பது செகண்டு கெடக்கு. செத்த பேசாம இருங்க.