இந்தப் பதிவைக் குறிப்பிட்டவை

– அழி. இப்பவே, என் கண்ணு முன்னாடி அழி, அக்கா.

– மெதுவா பேசுடா. இது பல் ஆஸ்பத்திரி. உள்ள டாக்டர் ஒருத்தருக்குக் கடவாப்பல்லு பிடுங்கிட்டு இருக்காரு. உன் சத்தத்துல அவருக்குக் கை நழுவிடப் போகுது.

– நழுவட்டும். இன்னைக்கு அஞ்சு மணிக்கு டிப்போவுல அப்பாவுக்குப் பாராட்டுக் கூட்டம். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன் பனியனோட கட்டில்ல உட்கார்ந்திருக்காரு. இஸ்திரி போட்ட சட்டை அப்படியே தொங்குது. வரலன்னு ஒரே வார்த்தை. யாரால? உன்னால!

– ஆஹா. நான் என்ன, அவரை உள்ள வச்சுப் பூட்டிட்டேனா? அதெல்லாம் அவர் வேலையாச்சே.

– கேட்டியாம்மா, உன் பொண்ணு பேசறதை?

– அவங்களை ஏன்டா இழுத்துட்டு வந்தே? அம்மா, நீ அந்த ஃபேனுக்குக் கீழ உட்காரு.

– ஆசை ஆசையா அவரைப் பத்தி என் பிளாக்ல ஒரு பதிவு எழுதினேன். டிப்போ முழுக்கப் படிச்சாங்க. படிச்சு முடிச்சுக் கீழ வந்தா என்ன இருக்கு? ‘இந்தப் பதிவைக் குறிப்பிட்டவை: பூட்டிய கதவு.’ தொட்டா நேரா உன் பிளாக்! பெத்த பொண்ணை அறையில பூட்டி வச்ச டிரைவர்! நேத்து கூட வேலை பார்த்தவங்க அவர் முகத்தைப் பார்க்காமலே டீ குடிச்சிருக்காங்க.

– அதை நான் ஒட்டலடா. என் பதிவுல உன் பதிவுக்கு ஒரு லிங்க் கொடுத்தேன். கொடுத்தா உன் பக்கத்துக்குத் தானா ஒரு குறிப்பு போகும். மெஷின் பண்ற வேலை.

– எதுக்குக் கொடுத்தே?

– ‘ஒரு கதவைக்கூட ஓங்கிச் சாத்தாத மனிதர்’னு எழுதினியே, அதுக்கு! வயிறு எரிஞ்சுதுடா, அதுக்கு மேல ஒரு வரி படிக்கல. கப்பல் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு, காலைல பத்து மணிக்கு. எழுந்து பார்த்தா அறை வெளியில பூட்டியிருக்கு. வீட்டுல ஒருத்தரும் இல்ல. கை வீங்கற வரைக்கும் தட்டினேன். பத்து நாப்பதுக்குக் காக்கிச் சட்டையோட வந்து திறக்கறாரு. சாவி அவர் கையில! ஒரு வார்த்தை பேசல. அன்னையிலேருந்து, பதினாறு வருஷமா, நானும் அவரை அப்பான்னு கூப்பிடல. கடல்ல போக வேண்டியவ இங்க டோக்கன் கிழிக்கறேன்... ஒன்பதாம் நம்பர்! வாயைக் கொப்பளிச்சுட்டு உள்ள போங்க ஐயா.

– சரி, கோபம் நியாயம்னே வச்சுக்கோ. அஞ்சு மணி வரைக்குமாவது எடுத்துடு.

– மாட்டேன். இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்கோ. குறிப்பு தானா வரும், ஆனா தானா வெளியில தெரியாது. உன் பிளாக்ல யாராவது ‘அனுமதி’ன்னு அமுக்கணும்.

– நான் அமுக்கல!

– அப்ப பேய் வந்து அமுக்கிச்சா? உன் பாஸ்வேர்டு வேற யார்கிட்ட இருக்கு?

– யார்கிட்டயும் இல்ல. அம்மாகிட்ட மட்டும். நான் எழுதறதை எல்லாம் அவங்கதானே பிழை திருத்தறாங்க. அச்சகத்துல இருபது வருஷம் அதே வேலைதானே...

– நான்தான் அமுக்கினேன்.

– அம்மா! உனக்கென்ன பைத்தியமா? அப்பாவை நீயே சந்தி சிரிக்க வச்சியா?

– கத்தாதேடா. இவ குறிப்பு வந்ததும் ரெண்டு பதிவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சேன். சேர்த்துப் படிச்சா எவனாவது ஒருத்தன் கேப்பான்னு நினைச்சேன். நானா வாயைத் திறக்க எனக்குத் துணிவில்ல. ஊரே படிச்சுது. ஒருத்தரும் கேக்கல.

– என்னத்தைக் கேக்கணும்?

– தம்பி, நீ எழுதினதுல அந்த மெமோ விஷயம் வருதே, அதைப் படி. சத்தமா.

– ‘முப்பத்தோரு வருடத்தில் ஒரே ஒரு மெமோ. பதினாறு வருடங்களுக்கு முன், மார்ச் பதினொன்றாம் தேதி காலை, பதினேழு பயணிகளோடு பஸ்ஸை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார். ஏன் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.’ இதுக்கு என்ன இப்ப?

– மார்ச் பதினொண்ணா? டேய், திரும்பப் படி. அது... அது என் தேர்வு நாள். என் பதிவுலயும் அதே தேதிதான்.

– ஆமா பாப்பா. உன் பதிவுல ஒரு பிழை இருக்கு.

– என்ன பிழை? விடியக்காலை டூட்டிக்குக் கிளம்பினாரு, போறப்ப பூட்டினாரு. வேற என்ன?

– அவர் கிளம்பினப்ப கதவு திறந்துதான் இருந்துச்சு. பக்கத்து வீட்டம்மா பஸ்ஸுல ஏறி, உங்க பொண்ணு உள்ளேருந்து கதவைத் தட்டிக்கிட்டே இருக்கான்னு சொல்லித்தான் அவருக்கே தெரியும்.

– அப்ப சாவி எங்க இருந்துச்சு? அம்மா, தலையைக் குனியாதே. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. சாவி எங்க இருந்துச்சு?

– அச்சகத்துல, என் கைப்பையில. அதைப் பிடுங்கிட்டுப் போகத்தான் உங்கப்பா பஸ்ஸை அப்படியே விட்டுட்டு ஓடி வந்தாரு.